37 வயதில் கிழவி

அன்புள்ள ஐயா,

நான் விருதுநகர்க்காரன். எங்கள் பக்கத்துச் சென்னல்குடியில் பிறந்த நடிகை எஸ்.என்.லட்சுமியைப் பற்றி யூடியூபில் இருபது நிமிட வீடியோ ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். 'மைக்கேல் மதன காமராஜன்' திருட்டுப் பாட்டி என்றால் எல்லாரும் சிரிக்கிறார்கள், பெயர் கேட்டால் முழிக்கிறார்கள். இத்தனை திறமை இருந்தும் கதாநாயகி ஆக முடியாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் சின்னச் சின்ன வேஷம் போட்டு, கடைசிக் காலத்தில் சீரியலில் பாட்டியாக நடிக்க வேண்டியதாகிவிட்டதே என்று மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 'திரையுலகம் கண்டுகொள்ளாத நடிகை' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். எந்தப் படங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும்? அவருக்கு ஏன் பத்ம விருது கொடுக்கவில்லை?

ச.

அன்புள்ள ச.,

பத்ம விருதை ஏன் கொடுக்கவில்லை என்று கொடுக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். தமிழக அரசின் கலைமாமணி வாங்கியிருக்கிறார். விருதுப் பேச்சு இத்தோடு போதும். ஆயிரம் படக் கணக்கையும் விட்டுவிடுங்கள். நம் ஆட்கள் எல்லாருக்கும் ஆயிரத்தில்தான் ஆரம்பிப்பார்கள், உட்கார்ந்து எண்ணியவர் யாரும் கிடையாது.

உங்களுக்குப் பதில் எழுதக் காரணம் வேறு. போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது 'சர்வர் சுந்தரம்' பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது. நாகேஷுக்கு அம்மாவாக வருகிறவர் லட்சுமிதான். மகன் பெரிய நடிகனாகிப் படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டிருக்கும்போது செத்துப்போகிற அம்மா. சின்ன வயதில் அந்த இடத்தில் அழுதிருக்கிறேன். இந்தத் தடவை அழுகை வரவில்லை, கணக்கு வந்தது. படம் 1964. நாகேஷ் பிறந்தது 1933. லட்சுமி பிறந்தது 1927. அதாவது 31 வயது மகனுக்கு 37 வயது அம்மா. ஆறு வயது இடைவெளி. என் அக்காவுக்கும் எனக்கும் ஏழு வயது வித்தியாசம், அக்காவை யாராவது என் அம்மா என்று சொல்லியிருந்தால் அந்த ஆள் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டான்.

சிரிப்பாகத்தான் இருந்தது முதலில். அப்புறம் எழுந்து உட்கார்ந்து இன்னொரு தடவை அந்தக் காட்சிகளைப் பார்த்தேன். 37 வயதுப் பெண் ஒருத்தி எப்படிக் கிழவியாகிறாள் என்று மட்டும் பார்த்தேன். தலையில் கொஞ்சம் நரை பூசியிருக்கிறார்கள், அது மேக்கப்மேன் வேலை. மற்றது அவர் வேலை. நாடகத்தில் வயதானவர் வேஷம் என்றால் குரலை நடுங்க விடுவார்கள், முதுகில் கை வைத்துக்கொள்வார்கள், பேச்சுக்குப் பேச்சு இருமுவார்கள். சின்ன வயதிலேயே நாடகத்துக்கு வந்த பெண் அவர், அந்தச் சரக்கெல்லாம் கையில் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனாலும் அதையெல்லாம் எடுக்கவில்லை. நிதானத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார். மகன் பேசி முடித்த பிறகு ஒரு நொடி கழித்துத்தான் அந்த முகத்துக்கு விஷயம் போய்ச் சேர்கிறது. இருங்கள், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவனுக்கு எல்லாமே தெரிவது மாதிரி இருக்கும், கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வயசுக் கணக்கை நான் ரொம்ப நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் திட்டுவார்கள், படத்தைப் பார்க்க விடாமல் இவளுக்கு என்ன வயசு அவனுக்கு என்ன வயசு என்று நோண்டுகிறேன் என்று. ஆனால் கேளுங்கள். பண்டரிபாய் 1952 'பராசக்தி'யில் சிவாஜியைக் காதலித்தவர், அப்புறம் எத்தனையோ கதாநாயகர்களுக்கு அம்மா, 1992 'மன்னன்' வரை அம்மா. அதையாவது நாற்பது வருஷம் ஆயிற்று என்று ஒத்துக்கொள்ளலாம். ஸ்ரீவித்யாவை எடுங்கள். 1975 'அபூர்வ ராகங்க'ளில் அவருக்குக் கணவனாகக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தவர் ரஜினி. 1991 'தளபதி'யில் அதே ரஜினிக்கு அம்மா. ரஜினி பிறந்தது 1950 டிசம்பர், ஸ்ரீவித்யா 1953 ஜூலை. தன்னைவிட இரண்டரை வயது மூத்த பிள்ளை! சுஜாதாவுக்கும் இதே கதைதான். 1977 'அவர்கள்' படத்தில் ரஜினியின் மனைவி, 1993 'உழைப்பாளி'யில் ரஜினியின் அம்மா, நிஜத்தில் அவரைவிட இரண்டு வயது சின்னவர். கணவனாக இருந்தவன் அப்படியே நிற்க, மனைவி மட்டும் தாயாகிவிடுகிற அதிசயம் புராணத்தில்கூடக் கிடையாது. இதைப் பற்றி யாரும் வீடியோ போட்டு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

லட்சுமி கதை இவர்களிடமிருந்து ஒரு விஷயத்தில் வேறு. அவருக்கு இளமை வேஷமே பெரிதாக அமையவில்லை. 1948 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தில் கூட்டத்தோடு ஆடிய பெண்களில் ஒருத்தி. அந்த முரசுகளில் அவர் எந்த முரசு என்று தேடிக் களைத்துவிட்டேன். 1960 'பாக்தாத் திருட'னில் புலியோடு சண்டை போட்டிருக்கிறார். கதாநாயகிக்கு டூப் போடுவார்கள், இவருக்கு எதற்கு டூப்? நான்கு வருஷம் கழித்து அம்மா. அங்கிருந்து 2012 பிப்ரவரியில் போய்ச் சேருகிற வரைக்கும் 48 வருஷம் அம்மா, மாமியார், பாட்டி, ஆச்சி, அப்பத்தா. புலியோடு கட்டிப் புரண்டவரை அடுத்த நாலாவது வருஷம் கிழவியாக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள் என்பதுதான் உங்கள் வீடியோவில் வர வேண்டிய செய்தி. அவர் அந்த ஓரத்தையே தொழிலாக்கிக்கொண்டார் என்பது அதற்கு அடுத்தது.

இனி உங்களைத் திட்டுகிறேன். 'கண்டுகொள்ளாத நடிகை' என்ற தலைப்பை எங்கிருந்து பிடித்தீர்கள்? 1948-இலிருந்து 2012 வரை 64 வருஷம். இத்தனை வருஷமும் யாரோ ஒரு மேனேஜர் ஒரு நாள் காலையில் 'அந்த லட்சுமியம்மாவைக் கூப்பிடுப்பா' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். இது கண்டுகொள்ளாததா? எத்தனை கதாநாயகிகளுக்கு அந்த 64 வருஷம் கிடைத்தது? நீங்கள் கண்டுகொள்ளவில்லை, அதனால் உலகமே கண்டுகொள்ளவில்லை என்று தலைப்பு வைக்கிறீர்கள். பரிதாபப்பட்டால் வியூஸ் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் உங்களுக்கு. ஒருத்தர் உழைத்துச் சாப்பிட்ட சோற்றைப் பிச்சை என்று சொல்கிற மாதிரி இருக்கிறது தம்பி.

சீரியலில் நடிக்க 'வேண்டியதாகிவிட்டது' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். 2011 கடைசியில் விஜய் டிவியில் 'சரவணன் மீனாட்சி' தொடங்கியபோது அவருக்கு 84 வயது. இந்த வயதில் விடிகாலையில் குளித்து, வண்டி ஏறி, மேக்கப் போட்டு, பத்து மணி நேரம் லைட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா, என்னால் முடியுமா? எனக்கு 58 வயது, காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் எழுந்திருக்க முடியவில்லை. என் அம்மா அந்த சீரியலை அவருக்காகவே பார்த்தார். 'கிழவி எப்படி உட்காந்திருக்கா பாரு, நம்ம வீட்டுத் திண்ணையில உட்காந்த மாதிரி' என்பார். நடிகை பெயர் அம்மாவுக்கும் தெரியாது. அவர் இறந்த செய்தி வந்த அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு, 'அந்தப் பிள்ளைகளுக்கு இனிமே யாரு இருக்கா' என்றார். சரவணனுக்கும் மீனாட்சிக்கும் யார் இருக்கிறார்கள் என்ற கவலை. இதற்கு மேல் என்ன கண்டுகொள்ள வேண்டும்?

சீரியல் என்றால் இளப்பமாகப் பேசுகிறவர்கள் ஒரு நாள் செட்டில் போய் நிற்க வேண்டும். நான் நின்றிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு மாதம் ஒரு மெகா சீரியலில் உதவி இயக்குநராக இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். வளசரவாக்கம் பக்கம் ஒரு ஷூட்டிங் வீடு. அங்கே வயதான நடிகை ஒருவர் வருவார். லட்சுமி இல்லை, அவரைப் போலவே நாடகத்திலிருந்து வந்தவர். செட்டில் எல்லாருக்கும் அவர் 'பாட்டிம்மா'. சொந்தச் சேலை நாலு, ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய ஊக்கு, நரைத்த சவுரி ஒன்று, இதுதான் அவர் பை. வசனத்தை நாங்கள் கேமராவுக்குப் பின்னால் நின்று ப்ராம்ப்ட் செய்ய வேண்டும், மற்றவர்கள் அரை வரி அரை வரியாக வாங்கிப் பேசுவார்கள். அவர் மட்டும் காலையிலேயே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து முழு சீனையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். தன் வசனத்தை அல்ல, எல்லார் வசனத்தையும்.

ஒரு நாள் குடும்பத் தகராறு சீன். பன்னிரண்டு பேர், குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். பேரனுக்குக் காலேஜ் பீஸ் கட்டப் பணம் இல்லை என்று மருமகள் கத்துகிறாள். பாட்டிம்மாவுக்கு வசனம் கிடையாது, ஓரத்தில் நாற்காலி. 'ஒரு முறமும் கொஞ்சம் அரிசியும் குடுங்க, கல்லு பொறுக்கறேன்' என்றார். டைரக்டர் நேரமில்லை என்றுவிட்டார். சரி என்று என்னைக் கூப்பிட்டு, 'தம்பி, ஒரு ரெண்டு ரூபா காசு இருந்தா குடு' என்றார். கொடுத்தேன். முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டார்.

டேக் போனது. மருமகள் கத்துகிறாள், மகன் கத்துகிறான், கேமரா அவர்கள்மேல் ஓடுகிறது. இவர் குனிந்தபடி அந்த முடிச்சை அவிழ்க்கிறார். நகம் வழுக்குகிறது, பல்லால் கடித்து இழுக்கிறார். அவிழ்கிறது. உள்ளங்கையில் காசைப் பார்க்கிறார். மருமகள் 'ஐம்பதாயிரம்!' என்று கத்துகிற நேரத்துக்குச் சரியாக அதை மறுபடி வைத்து முடிந்துகொள்கிறார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது கேமராக்காரர் எதேச்சையாக அதைப் பிடித்துவிட்டார். எடிட்டர் அந்த எபிசோடில் மூன்று தடவை அதைப் போட்டார், மருமகளாக நடித்த பெண் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

எட்டாம் மாதம் கம்பெனி கொடுத்த செக் திரும்பியது, எனக்கும் அவருக்கும் சேர்த்து. தினப்படியாகத் தருகிற பேட்டாவும் பாக்கி. ஆபீஸ் வாசலில் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தவர் முந்தானையை அவிழ்த்து இரண்டு ரூபாயை என் கையில் வைத்தார். 'உன் காசு தம்பி. கன்டினியூட்டிக்கு வேணுமேன்னு வச்சிருந்தேன்.' ஒரு சீனில் இருந்தது அடுத்த சீனிலும் மாறாமல் இருக்க வேண்டும், அதுதான் கன்டினியூட்டி. நான்கு மாதம் ஆகியிருந்தது அந்த சீன் எடுத்து. எல்லாச் சேலைக்கும் மாற்றி மாற்றி முடிந்து வைத்திருந்திருக்கிறார்.

எங்கேயோ போய்விட்டேன். படங்கள் கேட்டீர்கள் இல்லையா. 'சர்வர் சுந்தரம்' சொல்லிவிட்டேன். 1990 'மைக்கேல் மதன காமராஜ'னைச் சிரிப்புக்காகப் பார்க்காமல் திருடுகிறபோது அவர் முகத்தைப் பாருங்கள். குற்ற உணர்ச்சி துளியும் இருக்காது, காய்கறி வாங்குகிற முகம். ஊர்வசி பேத்தி, கமல் சமையல்காரர், இரண்டு பேருமே அடித்து நொறுக்குகிறவர்கள், நடுவில் இந்த அம்மா சும்மா ஒரு பொருளை எடுத்து ஒளித்துக்கொண்டே நம் கண்ணைத் தன் பக்கம் திருப்பிவிடுவார். அப்புறம் 1994 'மகாநதி', கமலுக்கு மாமியார். மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போன பிறகு அந்தக் கிழவி இருக்கிறவரைக்கும்தான் அது வீடு. லட்சுமி கமலைவிட 27 வயது மூத்தவர். வயசுக் கணக்கு கடைசியில் சரியாக வந்தது, முப்பது வருஷம் கழித்து. 2004 'விருமாண்டி'யில் அதே கமலுக்கு அப்பத்தா, சீக்கிரமே இறந்துவிடுவார், அதனால் முதல் பாதியிலேயே கவனமாக இருங்கள்.

சென்னல்குடிக்குப் போய் இரண்டு ஷாட் எடுத்துக்கொண்டு வாருங்கள், அது உங்களால்தான் முடியும். தலைப்பை மாற்றிவிட்டு லிங்க் அனுப்புங்கள். பின்னணியில் சோக வயலின் போட்டிருந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்