புதிதாக மீன் தொட்டி வாங்கப் போகிறோம், ஹாலில் 2 அடி இடம் இருக்கிறது. செவ்வகமா, அறுகோணமா, முன்பக்கம் வளைந்ததா, உருண்டை பவுலா?

செவ்வகம். நீளம் 2 அடி, அகலம் 1¼ அடி, உயரம் 1¼ அடி, 6 மி.மீ. கண்ணாடி. இந்த அளவு கடையில் தயாராக இல்லாவிட்டால் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். சென்னை என்றால் கொளத்தூர் பக்கம் போனால் போதும். காரணம் தெரியாமல் கடைக்குப் போனால், விளக்கு வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்கிற அறுகோணத் தொட்டியைப் பார்த்ததும் மனசு மாறிவிடும். அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

தொட்டியில் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் தண்ணீரின் மேல்பரப்பு வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. ஏர் பம்ப் விடும் குமிழிகூட மேலே வந்து உடைந்து பரப்பைக் கலக்குவதால்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டியில் மேல்பரப்பு 1,800 சதுர செ.மீ. அதே தொட்டியை நிமிர்த்தி, அடிப்பக்கம் 30-க்கு 30 செ.மீ., உயரம் 60 செ.மீ. என்று செய்தால் தண்ணீர் அதே 54 லிட்டர், பரப்பு மட்டும் 900. லிட்டர் கணக்கைக் காட்டி "இதிலும் அதே எண்ணிக்கை மீன் விடலாம்" என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மீனை லிட்டரை மட்டும் வைத்து எண்ணக் கூடாது, பரப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் இது இன்னும் முக்கியம். 25 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். மே மாதம் தொட்டி 32 டிகிரிக்குப் போனால் 7.3 தான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவையும் கூடும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். பம்ப் நின்ற கொஞ்ச நேரத்தில் உயரத் தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து, வாயைத் தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டு செவுளை வேகவேகமாக அடிக்கும். பசி என்று நினைத்துத் தீனி போடுகிறவர்கள் உண்டு. போடவே கூடாது, தீனி அழுகினால் இருக்கிற ஆக்சிஜனும் போகும். ஒரு மக் தண்ணீரை மொண்டு ஒரு ஜாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருபது தடவை. அகலமான தொட்டியில் மீன் குறைவாக இருந்தால் இந்தப் பாடு பெரும்பாலும் வராது.

பவுலைப் பற்றி எழுதினால் சண்டைக்கு வருவார்கள், தெரியும். கணக்கைப் பாருங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை பவுலில் பாதி வரை ஊற்றினால் 7 லிட்டர், மேல்பரப்பு 707 சதுர செ.மீ. நிறைத்து வைத்தால் அழகு என்று 25 செ.மீ. வரை ஏற்றினால் தண்ணீர் 13 லிட்டர், பரப்பு 393 ஆகச் சுருங்கிவிடும். தண்ணீர் ஏறக்குறைய இரட்டிப்பாகி, மூச்சு விடும் வாசல் கிட்டத்தட்ட பாதியாகிறது. "எங்கள் வீட்டு ஃபைட்டர் பவுலில் இரண்டு வருஷம் இருந்ததே" என்பீர்கள். ஃபைட்டர் மேலே வந்து காற்றையே நேராக விழுங்கி மூச்சு விடும் மீன், அதற்கென்று தலைக்குள் தனி உறுப்பு இருக்கிறது. அதை வைத்துப் பவுல் நல்லது என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு வருஷமும் அது ஃபில்டர் இல்லாமல் தன் கழிவிலேயேதான் இருந்திருக்கும். கோல்டு ஃபிஷ் அந்தப் பவுலில் சீக்கிரம் போய்விடும். ரோம் நகரம் 2005-ல் உருண்டைப் பவுலில் மீன் வைப்பதையே தடை செய்தது. இன்னொரு விஷயம், தண்ணீர் நிறைந்த உருண்டைக் கண்ணாடி ஜன்னலோரம் இருந்தால் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலை ஓரிடத்தில் குவிக்கும். திரைச்சீலை பக்கத்தில் வைப்பது ஆபத்து.

அறுகோணத்தின் தொல்லை மூலைகளில். செவ்வகத்தில் 4 நிமிர்ந்த இணைப்பு, இதில் 6. ஒவ்வொன்றும் 120 டிகிரி என்பதால் கண்ணாடி விளிம்பைச் சாய்வாகத் தேய்த்துச் சேர்க்க வேண்டும். பலர் தேய்ப்பதில்லை. விளிம்பு விளிம்பைத் தொட, நடுவில் உள்ள இடுக்கைச் சிலிக்கான் பசையால் நிரப்பிவிடுகிறார்கள். வாங்குவதானால் மூலையில் விரலை வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். சிலிக்கான் ஒரே தடிமனில் குமிழி இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஓட வேண்டும். நடுவில் வெள்ளையாகக் காற்றுக் கோடு தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். வாங்கின பிறகும், மூலையைத் தாண்டும்போது ஒரே மீன் இரண்டாகத் தெரியும், சில கோணத்தில் காணாமலே போகும்.

முன்பக்கம் வளைந்த தொட்டி இவ்வளவு மோசமில்லை, பரப்பும் நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே ஒட்டும் ஃபில்டரின் ரப்பர் வளைவில் பிடிக்காது, பாசி சுரண்டும் பிளேடு தட்டையாக உட்காராது, காந்தத் துடைப்பான் ஓரங்களில் விட்டுவிட்டுப் போகும். வளைந்த கண்ணாடி உடைந்தால் தொட்டியே போனது. செவ்வகத்தில் ஒரு பக்கம் கீறினால் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் அதே அளவுக்கு வெட்டி வாங்கி மாற்றிவிடலாம்.

உயரம் கட்டாயம் வேண்டிய மீன் ஒன்று உண்டு, ஏஞ்சல். மேல் கீழ்த் துடுப்புகள் விரிய அதற்கு ஒன்றரை அடியாவது வேண்டும். அப்போதும் நீளத்தையும் 3 அடியாக்குங்கள், கண்ணாடி 8 மி.மீ. வேண்டும். தண்ணீர் கண்ணாடியைத் தள்ளும் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, அதனால் உயரம் கூடினாலே தடிமனும் விலையும் கூடும். சீப்ரா ஓடுகிற மீன், அதற்கு நீளம் வேண்டும். ஆஸ்கர் ஓர் அடி வளரும், 1 அடி அகலத் தொட்டியில் திரும்பவே முடியாது. உங்கள் 2 அடிக்குக் கப்பி, மாலி, சின்ன டெட்ரா வகைகள் சரி. கோல்டு ஃபிஷ்ஷும் ஆஸ்கரும் வேண்டாம்.

எடையை மறந்துவிடாதீர்கள். நான் சொன்ன அளவில் 4 செ.மீ. மணல் போட்டு, மேலே 3 செ.மீ. விட்டால் தண்ணீர் 68 லிட்டர் பிடிக்கும். மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 100 கிலோ. டிவி ஸ்டாண்டில் ஏற்றாதீர்கள். தனி ஸ்டாண்டைச் சுவரோரம் போட்டு, நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கீழே 12 மி.மீ. தெர்மாகோல் விரியுங்கள். ஸ்டாண்டின் ஒரு கால் தூக்கியிருந்தால் அடிக்கண்ணாடி முறுக்கிக்கொள்ளும், அதுவும் அன்றைக்கே தெரியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, மனசு கேட்கவில்லை. தொட்டி வாங்கும்போது "பாசியைத் தின்னும், தொட்டியைக் கழுவவே வேண்டாம்" என்று சொல்லிக் கட்டைவிரல் அளவு சக்கர் மீனைக் கையில் கொடுப்பார்கள். அது ஓர் அடிக்கும் மேல் வளரும் தென் அமெரிக்க மீன். வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அங்கே அது கரையைக் குடைந்து பெருகி, வலை போடுகிறவர்களுக்குக் கெண்டைக்குப் பதிலாக முள் முள்ளாய் மாட்டுகிறது. எந்த வடிவத் தொட்டி வாங்கினாலும் இதை வாங்காதீர்கள். வளர்த்து முடியாமல் போனால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், ஏரிப் பக்கம் போகாதீர்கள்.

தொட்டியைப் புதிதாக ஒட்டிக் கொடுத்தால் சிலிக்கானின் புளிப்பு வாடை போகும்வரை, ஒரு வாரமாவது, காய விடுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மீனுக்கு விஷம், எது போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வெளியில் சமதளத்தில் வைத்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விடுங்கள். தினமும் அடிமூலைகளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் ஒட்டாவிட்டால் வீட்டுக்குள் கொண்டுபோகலாம்.