அணு உலையை நிறுத்திய பிறகும் ஏன் குளிரவைக்க வேண்டும்?

அணுமின் நிலையம் என்பது, நீராவியால் டர்பைனைச் சுற்றவைத்து மின்சாரம் எடுக்கும் இடம்தான். நிலக்கரிக்குப் பதில் யுரேனியம். அதன் அணுக்கரு பிளக்கும்போது வெப்பம் வருகிறது. கூடங்குளத்தின் ஓர் உலை சுமார் 3000 மெகாவாட் வெப்பம் தந்தால், 1000 மெகாவாட்தான் மின்சாரமாகிறது. மீதியைக் கடல் நீர் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கடல் நீர் உலைக்குள் போவதே இல்லை; தனிக் குழாய்களில் ஓடி, டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிரவைத்துவிட்டுத் திரும்புகிறது.

சரி, உலையை நிறுத்தினால் சூடு அடங்கிவிடுமா? பிளவைத் தடுக்கும் கட்டுப்பாட்டுக் கோல்கள் உலைக்குள் இறங்கியதும், ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் தொடர்வினை நொடிகளில் நின்றுவிடும். ஆனால் பிளந்த துண்டுகள் நிலையில்லாத அணுக்கள். அவை சிதைந்துகொண்டே வெப்பம் விடும்: நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் ஏறக்குறைய 6 சதவீதம், ஒரு மணி நேரம் கழித்து ஒன்றரை, ஒரு நாள் கழித்து அரை. விறகை வெளியே இழுத்த பிறகும் அடுப்பில் தணல் கனன்றுகொண்டிருக்குமே, அப்படி. தணலைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடலாம். இதை அணைக்க முடியாது; தானாக ஆறும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், உலைப் பாதுகாப்பில் பெரிய கவலையே இந்த 6 சதவீதம்தான்.

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும், ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த 3 உலைகளும் ஒழுங்காகவே நின்றன. அப்புறம் வந்த சுனாமி, குளிரவைக்கும் பம்புகளுக்கு மின்சாரம் தந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. பம்புகள் ஓடவில்லை, எரிபொருள் உருகியது.

அங்கே நடந்தது அணுகுண்டு போன்ற வெடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், எரிபொருளின் உலோக உறை சூடேறி நீராவியோடு வினைபுரிந்ததில் உண்டான ஹைட்ரஜன்தான் வெடித்தது.