தோட்டக் கோயில் உறுமி மேளத்தைப் பாட்டு வீடியோவில் போட்டால் அது தூண்டுதலா, திருட்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்து (எஸ்டேட்) கோயில் திருவிழாவில் அடிக்கும் உறுமி மேளத்தை உங்கள் பாட்டு வீடியோவில் சேர்க்கப்போவதாகவும், அது பண்பாட்டுத் திருட்டு என்று சிலர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியின் தோரணையைப் பார்த்தால், யாரையும் கேட்காமல் கைப்பேசியில் எடுத்த பதிவு ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது போலிருக்கிறது. இல்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம், தம்பி.

மேளத்தின் தாள அடியை எடுப்பது திருட்டு இல்லை. முனியாண்டி பூசைக்கு அடிக்கிற அடி யார் பேரிலும் எழுதி வைத்ததில்லை. கப்பலேறி வந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது. அதைக் கேட்டுக் கிறங்கி நீங்களே புதிதாக ஒன்று கட்டினால் அது உங்கள் சரக்கு. ஒரு குழு அடித்ததைப் பதிவு செய்து எடுத்துப் போட்டால்தான் கதை மாறுகிறது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துபவருக்குத் தனி உரிமை தருகிறது. அடி பழையதாக இருக்கலாம், அன்றைக்கு அடித்த கை அந்த ஆளுடையது. கோயில் கமிட்டித் தலைவர் "எடுத்துக்கோங்க" என்று சொன்னதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அவர் வாத்தியம் வாசிக்கவில்லை.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் பெரிய பெரிய ஆட்கள். தைவானின் அமிஸ் பழங்குடிப் பாடகர் டிஃபாங்கும் அவர் மனைவியும் 1988இல் பிரான்சில் பாடியது ஒலிப்பதிவானது. எனிக்மா என்ற ஜெர்மன் இசைக்குழு அதை எடுத்துத் தங்கள் பாட்டுக்குள் வைத்தது, உலகம் முழுக்க ஓடியது, 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரம் வரை போனது. பதிவை வைத்திருந்த இடத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள். பாடிய கிழவனுக்கும் கிழவிக்கும் சேதியே போகவில்லை. 1998இல் வழக்கு, அடுத்த ஆண்டு சமரசம், அதற்குப் பிறகுதான் பெயர். பென் டிரைவ் வைத்திருப்பவனிடம் கேட்பது அனுமதி ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். திருவிழா இரவில் எடுத்த பதிவை விட்டுவிடுங்கள். குழுவைத் தனியாக அழைத்துப் பதிவு செய்யுங்கள். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுமுகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். தேய்க்கும் முகத்திலிருந்து வருவது விடாமல் முனகும் தாழ்ந்த அடித்தொனி. கைப்பேசியின் இரைச்சல் நீக்கி அதை விசிறிச் சத்தம் என்று எண்ணி வழித்துப் போட்டுவிடும். அதனால் இரண்டு மைக் வேண்டும், முகத்துக்கு ஒன்று. தேய்க்கும் பக்கத்து மைக் ஒரு முழம் தள்ளி, கீழிருந்து மேல் நோக்கி இருக்கட்டும். மைக்கில் அடித்தொனியை வெட்டும் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். தப்புப் பறையும் தவிலும் மூன்று நான்கு மீட்டர் பின்னால் நிற்கட்டும், இல்லாவிட்டால் உறுமியை அமுக்கிவிடும். இயற்கைத் தோல் என்றால் சாயங்கால மழை ஈரத்தில் தொய்ந்துபோகும். தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சவும், உறுமிக் கயிற்றை இழுத்துக் கட்டவும் அவகாசம் கொடுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், பதிவு சொதப்பும்போதுதான் திருட்டே நடக்கிறது. எடிட்டர் இணையத்தில் ரெடிமேட் உறுமி ஓசையை வாங்கி மேலே ஒட்டுவார். திரையில் நம் பையன்கள், ஓசை வேறெங்கோ இருந்து. கடைசியில் "இசை: பாரம்பரியம்" என்று ஒரு வரி.

சாமி அழைக்கிற அடியைத் தொடாதீர்கள். பக்தி போதனை என்று நினைக்க வேண்டாம், படப்பிடிப்புத் தளத்தில் அதைப் பத்து டேக் அடித்தால் யாருக்காவது அருள் வந்துவிடும், அன்றைய வேலை அத்தோடு போச்சு. ஊர்வல அடி கேளுங்கள், தாராளமாகக் கொடுப்பார்கள். சாவுக்கு அடிப்பதைக் கல்யாண ஆட்டத்துக்குப் போட்டால் ஊர்ப் பெரியவர்கள் ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிடுவார்கள். எது எது என்று தெரியாவிட்டால் பூசாரியையோ குழுவின் மூத்த உறுமிக்காரரையோ கேளுங்கள்.

"நம்ம ஆளுங்களே சினிமா மெட்டில் சாமி பாட்டுப் பாடுறாங்களே, அது திருட்டு இல்லையா?" என்று யாராவது கீழே கருத்துப் பகுதியில் வந்து கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த மெட்டுக்கு இசையமைப்பாளர் இருக்கிறார், உரிமை இருக்கிறது. கோயில் வாசலில் பாடும்போது யாரும் கேட்பதில்லை என்பதால் உரிமை இல்லாமல் போகாது. அதே பாட்டை நீங்கள் யூடியூபில் ஏற்றினால் அதன் தானியங்கி உரிமைச் சோதனை மெட்டைப் பிடித்து வருமானத்தை இசை நிறுவனத்துக்குத் திருப்பிவிடலாம். குழுவுக்குச் சல்லிக்காசு வராது. ஆகவே மெட்டு இல்லாத, வெறும் அடியாக உள்ள பகுதியை எடுங்கள்.

பதிவுக்கு முன்பே ஒரு பக்கத் தாள் எழுதுங்கள், மலாயிலோ தமிழிலோ. தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, வாசித்த ஒவ்வொருவரும் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண்ணோடு போட வேண்டும். இந்தக் குழுக்களில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும், இன்று அடிப்பவன் நாளை வேறு குழுவில் இருப்பான். அடித்த கூலி ஒரு தொகை, வீடியோவில் பயன்படுத்தும் உரிமை வேறொரு தொகை என்று பிரித்து எழுதுங்கள். "இந்த வீடியோவுக்கு மட்டும், துண்டு துண்டாக வெட்டி ஓசைத் தொகுப்பாக விற்க மாட்டோம்" என்ற வரி கட்டாயம். தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939இல் பதிவு செய்த 'ம்பூபே' என்ற சிங்கப் பாட்டின் (பின்னாளில் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்') உரிமை 10 ஷில்லிங்குக்குப் போனது. உலகமே பாடிய அந்தப் பாட்டுக்காரர் 1962இல் ஏழையாகச் செத்தார். குடும்பத்துக்குச் சமரசம் வர 2006 ஆனது. மொத்தமாக எழுதி வாங்குவது அவ்வளவு கொடூரம்.

   

கடைசியாக ஒன்று, பலர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். உங்கள் பாட்டை விநியோக நிறுவனம் வழியாக வெளியிட்டால் அவர்கள் அதை யூடியூப் உரிமைச் சோதனையில் பதிவு செய்யலாம். பிறகு அதே குழு அதே பதிவைத் தன் சேனலில் ஏற்றினால், சொந்த அடிக்கே உரிமை மீறல் என்று குழுவுக்கு அறிவிப்பு வரலாம். அதனால் வெளியிடும் முன்பே குழுவின் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி விநியோகஸ்தரிடம் எழுத்தில் வாங்குங்கள், அந்த மின்னஞ்சலின் நகலைக் குழுத் தலைவருக்கும் அனுப்பிவிடுங்கள்.