தரைக்கு அடியில் ஈரம்: வினைல் பலகைப் பெட்டியை வாங்குமுன்

ஒக்டோபர் தொடக்கத்தில் ஹோலுக்கு வினைல் பலகை ஒட்டினோம். மழை தொடங்கினவுடன ஓரமெல்லாம் கிளம்பீட்டுது. கடைக்காரர், நாங்கள் தண்ணி ஊத்தித் துடைச்சது பிழையாம். — வாசகி, கொக்குவில்

உங்கள் மேல் பிழை இல்லை, அம்மா. கிளம்பிய பலகை ஒன்றை உரித்துப் பாருங்கள். பசை களிபோல இளகி, கொங்கிறீற்றில் வெள்ளைத்தூள் படிந்திருந்தால் அது நிலத்திலிருந்து ஏறிய ஈரம். கீழிருந்து வரும் நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து மேலே விட்டுவிடுகிறது. அதிலுள்ள சீமெந்துக் காரம் பசையைக் கெடுக்கிறது. தரை துடைத்த தண்ணீர் அப்படி உப்புப் பூக்கச் செய்யாது. படம் எடுங்கள், பசை ஒட்டிய ஒரு துண்டை எடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். பில் திகதியிலிருந்து எண்ணுங்கள், தள்ளிப்போடாதீர்கள். விவரம் கேட்க 1977. ஒட்டிய கூலியும் அதே பில்லில் இருந்தால் அதையும் முறைப்பாட்டில் சேருங்கள்.

கையால தடவிப் பாத்து ‘காய்ஞ்சிட்டுது’ எண்டு மேசன் சொல்லுறார். நாளைக்கு ஒட்டலாமோ? — மானிப்பாய்

வேண்டாம். நிறுத்துங்கள்.

பிறகு எப்பிடித்தான் பாக்கிறது? பெட்டியில ‘வோட்டர்புரூப்’ எண்டுதானே கிடக்கு. — குருநகர்

அந்தச் சொல்லை நம்பித்தான் பலர் காசை இழக்கிறார்கள். தண்ணீர் பட்டால் பலகை ஊதாது என்பதே அதன் பொருள். அடியில் இருக்கும் பசைக்கோ, கொங்கிறீற்றுக்கோ, பூஞ்சணத்துக்கோ அது ஒரு உத்தரவாதமும் தருவதில்லை. பலகை காற்றை அடைப்பதால் முன்பு ஆவியாகிப் போன ஈரம் அடியிலேயே தேங்கும். விற்பவர்கள் இதை வாயால் சொல்லாமல் விடுவது அநியாயம்.

முதலில் மலிவான சோதனை. தூசி கூட்டிய தரையில் 18 அங்குலச் சதுரத் தடித்த பொலித்தீனை வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டுங்கள். வெயில் படக்கூடாது. குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். நடுவிலும், வெளிச்சுவர் மூலையிலும், குளியலறைச் சுவரோரமும் வையுங்கள். அடியில் நீர்த்துளியோ, கொங்கிறீற் கறுத்தோ இருந்தால் ஒட்டக்கூடாது. ஒன்றும் தெரியாவிட்டாலும் சரி என்று எடுக்காதீர்கள்: இது மேற்பரப்பைத்தான் காட்டும்.

உள்ளே பார்க்க, தடிப்பின் 40 வீத ஆழத்துக்குத் துளையிட்டு (4 அங்குலத் தரையில் சுமார் 1.6 அங்குலம்) ஈரப்பதமானி வைத்து 24 மணி நேரம் மூடிவிட வேண்டும். பல பசைகளுக்குத் துளைக்குள் காற்றின் ஈரப்பதன் 75 வீதம்தான் எல்லை. உங்கள் பசை வாளியில் அச்சிட்ட எண்ணே முடிவானது. இரண்டு ஊசி குத்தும் மீற்றர் இதற்கு உதவாது. அது மரத்துக்குச் செய்தது; என்னிடமும் ஒன்று வீணாகக் கிடக்கிறது.

இன்னொன்று: ஆடியில் சோதித்து விட்டுவிடாதீர்கள். மாரியில் கிணறு ஏறும்போது உங்கள் தரைக்கு அடியிலும் நீர் ஏறுகிறது. கார்த்திகையில் பாருங்கள். குருநகர்போலக் கடனீரேரிக் கரையில் இது கட்டாயம்.

விலைக்கழிவு எண்டு 40 பெட்டி வாங்கிப்போட்டன். தரை போன மாசம்தான் ஊத்தினது. — சுன்னாகம்

ஏன் இந்த அவசரம்? ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது அண்ணளவான கணக்கு. 4 அங்குலத்துக்கு நான்கு மாதம், அதுவும் கூரை போட்ட பிறகு. பெட்டிகளை உடைக்காமல் வையுங்கள். மாற்றித் தருவார்களா என்று இன்றே கேளுங்கள். கொங்கிறீற்றுக்கு அடியில் 1000 கேஜ் பொலித்தீன் விரித்தார்களா என்பதையும் மேசனிடம் கேளுங்கள். விரிக்காவிட்டால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

கனடா ஸ்காபரோவில எங்கட பேஸ்மென்றில (நிலக்கீழ் அறையில) பொலித்தீனுக்கு மேல் பக்கம்தான் நனைஞ்சிருக்கு. தரை கசியுதோ?

மேலே நனைந்தால் அது காற்றின் ஈரம்: கோடைக் காற்று குளிர்ந்த தரையில் பட்டு நீராகிறது. ஈரமகற்றி ஓடவிட்டு மறுபடி சோதியுங்கள். சுவரும் தரையும் சேரும் கோட்டில் நனைந்தால் வெளி வடிகாலைப் பாருங்கள்.

ஈரத்துக்கு மேல பெயின்ற் அடிச்சா நிக்குமோ? — நல்லூர்

சாதாரணப் பெயின்ற் உரிந்துவிடும். மேற்பரப்பை மெஷினால் உரசி, இரு பாகம் கலக்கும் எபொக்சி ஈரத்தடைப் பூச்சு போட வேண்டும். செலவு கூட.

அப்ப ரைல்ஸ்?

பதிக்கலாம். சீமெந்துச் சாந்தில் பதித்த செராமிக் இந்த ஈரத்தால் ஊதாது. இடைவெளிகளில் உப்புப் பூத்தால் காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள்.