ஓட்டுப் போட்டு என்ன கண்டோம்?

கேள்வி: பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இப்போது எனக்கு 46. யார் வந்தாலும் அதே கதைதான். போன முறை நம்பி ஓட்டுப் போட்ட ஆள், ஜெயித்த மறு வருடமே எந்தக் கட்சியைத் திட்டினாரோ அதே கட்சிக்குத் தாவிவிட்டார். எங்கள் தெருவில் கழிவுநீர் தேங்குவது மூன்று ஆட்சிகளாகத் தீரவில்லை. இரவெல்லாம் போனில் அரசியல் செய்தி பார்த்துக் கொதிக்கிறேன். தூக்கம் போய்விட்டது. இந்த முறை ஓட்டுப் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நடக்கச் சிரமப்படும் என் அம்மா, "என்னை மட்டும் கூட்டிக்கிட்டுப் போய் விட்டுடுப்பா" என்று கேட்டபோது, "உங்க தலைமுறை போட்ட ஓட்டுதான் நாட்டை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துச்சு" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த மகளுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது. "அப்ப நான் பேரைச் சேர்க்க வேண்டாமாப்பா?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் எடுத்த முடிவு தவறா?
- பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. வாக்குக் கேட்டு வந்த மனிதர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தால், நம்பியவருக்கு வலிக்கத்தான் செய்யும். "விடுங்க, அரசியல்னா அப்படித்தான்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது அப்படி இருக்கக் கூடாது என்று நினைக்கிற ஆட்கள் இருப்பதால்தான் கொஞ்சமாவது நடக்கிறது. நீங்கள் அந்த ஆட்களில் ஒருவர் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அக்கறை இல்லாதவருக்குத் தூக்கம் கெடாது.

ஆனால் முடிவு தவறு என்றே நினைக்கிறேன்.

ஓட்டுப் போடாமல் இருப்பதை ஓர் அடியாக நினைக்கிறீர்கள். அந்த அடி யார் மேல் விழுகிறது? எண்ணிக்கை நடக்கும் இடத்தில் போட்ட ஓட்டைத்தான் எண்ணுகிறார்கள். வராதவர் கோபத்தில் வரவில்லையா, காய்ச்சலில் வரவில்லையா, தூங்கிவிட்டாரா என்று அங்கே யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதுமில்லை. அதே நாளில் கட்சிக்காரர்களின் ஓட்டு ஒன்று விடாமல் வந்து சேர்ந்துவிடும். மனம் வெறுத்தவர்கள் விலக விலக, அந்த ஓட்டின் எடை கூடிக்கொண்டே போகிறது. பல்கேரியாவில் 2020-இல் ஊழலை எதிர்த்து மாதக்கணக்கில் மக்கள் தெருவில் நின்றார்கள். 2021 ஏப்ரல் தேர்தலில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாக்களித்தார்கள். நிலையான ஆட்சி அமையவில்லை. திரும்பத் திரும்பத் தேர்தல் வந்தது, மக்களுக்குச் சலித்துவிட்டது. 2024 ஜூனில் ஆறாவது முறை நடந்தபோது வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். முதலிடம் பிடித்தது, 2020-இல் எந்தக் கட்சியின் ஆட்சியை எதிர்த்து நின்றார்களோ அதே கட்சி.

எல்லாரும் சேர்ந்து புறக்கணித்தால் அசைந்துவிடாதா என்று கேட்கலாம். துனிசியாவில் 2022 டிசம்பரில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. எதிர்க்கட்சிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தது 100 பேரில் 11 பேர் அளவுதான். அப்படியும் அந்த நாடாளுமன்றம் கூடியது. அப்போது ஆட்சியில் இருந்த அதிபர் கைஸ் சயீத், 2024-இல் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கி மறுபடியும் வந்தார். போட்டியே இல்லாத, முடிவு முன்னாலேயே எழுதப்பட்ட தேர்தலில் பங்கெடுக்க மறுப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சில நாடுகளில் மனச்சாட்சியுள்ளவருக்கு வேறு வழி இருப்பதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது வேறு. உங்கள் ஊரில் ஆட்சி மாறி மாறி வந்திருக்கிறது. அதாவது அங்கே ஆட்சியில் இருப்பவரை ஓட்டால் இறக்க முடிகிறது. அந்த வசதிக்காகச் சிறையில் கிடப்பவர்கள் உலகத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

யாரையும் பிடிக்கவில்லை என்று பதிவு செய்யலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அது வீட்டில் இருப்பதைவிட மேல்தான், ஒரு எண்ணாகவாவது நிற்கும். ஆனால் அதன் பலம் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. இந்தியாவில் 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நோட்டா வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூர் தொகுதியில் மட்டும் 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை அழுத்தினார்கள். அதனால் முடிவு மாறவில்லை. நோட்டாவே முதலிடம் வந்தாலும் வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் வென்றவர். கொலம்பியாவில் சட்டம் வேறு மாதிரி. அங்கே யாருக்கும் இல்லை என்று போடும் வெற்று வாக்குகள் பாதியைத் தாண்டினால் தேர்தலைத் திரும்ப நடத்த வேண்டும், பழைய வேட்பாளர்கள் நிற்க முடியாது. 2011-இல் பெல்லோ என்ற நகரில் மேயர் பதவிக்கு ஒரே ஒருவர்தான் நின்றார். மக்கள் போய் வெற்று வாக்கைப் போட்டு அவரைத் தோற்கடித்தார்கள். கவனியுங்கள், அங்கேயும் மக்கள் போனார்கள். உங்கள் நாட்டுச் சட்டம் எந்த வகை என்று தெரிந்துகொண்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி "யார் வந்தாலும் அதே கதைதான்" என்பது. இது மோசமானவர்களைக் கண்டிக்கிற பேச்சு மாதிரி தெரியும். உண்மையில் அவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான பேச்சு கிடையாது. ஒருவர் பத்து பங்கில் ஒரு பங்கைத் திருடுகிறார், இன்னொருவர் எட்டு பங்கைத் திருடுகிறார் என்று வையுங்கள். இரண்டு பேரும் ஒன்று என்று நாம் தீர்ப்பு எழுதிவிட்டால், எட்டு பங்கு திருடியவருக்குத் தண்டனை இல்லை, ஒன்றோடு நிறுத்தியவருக்கு நிறுத்தியதால் லாபமும் இல்லை. அடுத்த முறை அவர் ஏன் நிறுத்த வேண்டும்? எல்லாரும் ஒன்றாக இருப்பதில்லை. வித்தியாசம் சின்னதாக இருக்கும், பார்த்தால் எரிச்சல்தான் வரும். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் நம் கையில் இருக்கிற ஒரே மிரட்டலைச் செய்ய முடியும்.

ஏமாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் ஓட்டிடம் அதனால் முடியாததைக் கேட்கிறோம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வைக்கும் ஒரு குறி அது. கழிவுநீர், பள்ளிக்கூடம், விலைவாசி, லஞ்சம் என்று நம் மனதில் இருக்கும் அத்தனையையும் அதற்குள் திணித்து அனுப்புகிறோம். மறுமுனையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அதில் ஒன்றும் எழுதியிருக்காது. அவர் தனக்கு வேண்டிய அர்த்தத்தைப் படித்துக்கொள்வார். இன்னது வேண்டும் என்று சொல்ல அது மோசமான கருவி. நீ போதும், இறங்கு என்று சொல்ல மிக நல்ல கருவி. இலங்கையில் 2019 அதிபர் தேர்தலில் 3 சதவீதம் அளவுக்கே வாங்கிய ஒருவர் 2024-இல் அதிபரானார். 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 3 இடம் வைத்திருந்த அவருடைய கூட்டணி 159 இடத்துக்கு வந்தது. நடுவில் 2022-இன் பொருளாதார நெருக்கடியும், தெருவில் வெடித்த கோபமும் இருந்தன. புதிய ஆட்சி நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அசைக்கவே முடியாது என்று நினைத்த பழைய கட்சிகளை அந்தக் குறி ஓரம் கட்டியது என்பது மட்டும் உண்மை.

சரி, இன்னது வேண்டும் என்று எப்படித்தான் சொல்வது? இரண்டு தேர்தலுக்கு நடுவில், கூட்டாக, ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு. இதற்கு ராஜஸ்தானில் நடந்ததை நான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே அரசு வேலைத் திட்டங்களில் மண் சுமந்த ஏழைகளுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. அவர்கள் 1990-இல் ஒரு சங்கமாகத் திரண்டார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்று பெயர். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். அரசாங்கமே கெட்டது என்று கத்துவதற்கு அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர்கள் கேட்டது ஒன்றைத்தான்: வருகைப் பதிவேட்டையும் செலவுக் கணக்கையும் காட்டு. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணை நடந்தது. ஆவணங்களில் இருந்ததை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தார்கள். முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கில் இருந்தது. இதையெல்லாம் கேட்டவர்கள் ஊர்க்காரர்கள், உண்மை தெரிந்தவர்கள். அங்கேயே எழுந்து நின்று பேசினார்கள். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதுதான் முழக்கம். அங்கே கிளம்பியது பெருகிப் பெருகி 2005-இல் இந்தியா முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து நின்றது. கூலிக்காரர்கள் கேட்ட ஒரு கேள்வி அது.

இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த மாதிரிச் சட்டம் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு வருவோம். மூன்று ஆட்சிகளாகக் கழிவுநீர் தேங்குகிறது என்றால், அந்த வேலைக்கு எப்போதாவது பணம் ஒதுக்கினார்களா, ஒதுக்கியிருந்தால் யாருக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள், எவ்வளவு பட்டுவாடா ஆனது, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டது யார்? இதை எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், தெருவில் பத்து வீட்டையாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு எங்கே என்று விசாரியுங்கள். நாட்டையே ஆட்டிவைக்கும் தலைவரைத் திட்டுவதைவிட, உங்கள் பகுதி உள்ளாட்சி உறுப்பினரை இந்தக் காகிதத்தோடு சந்திப்பது பலன் தரும். சிறிய தேர்தலில் ஐம்பது நூறு ஓட்டுக்கு உள்ள மதிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். உடனே நடந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இழுத்தடிப்பார்கள், சில பேர் பயந்து பின்வாங்குவார்கள். அப்படியும் மூன்று ஆட்சிகளாக நீங்கள் செய்யாத ஒன்று இது என்று உங்கள் கடிதத்தை வைத்து நினைக்கிறேன்.

இரவில் பார்க்கும் செய்தி பற்றி: நிறுத்திவிடுங்கள். தெரிந்துகொள்வதற்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும், அதையும் பகலில் படியுங்கள். நடுராத்திரியில் உங்களைக் கொதிக்க வைப்பவர்களுக்கு நீங்கள் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வருமானம். கழிவுநீருக்குச் செலவாக வேண்டிய கோபமெல்லாம் அங்கேயே ஆவியாகிவிடுகிறது. காலையில் எழுந்து ஒரு மனு எழுதக்கூடத் தெம்பு இருப்பதில்லை. நாட்டைப் பற்றி நிறைய செய்துவிட்டது போன்ற களைப்பு மட்டும் மிஞ்சுகிறது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் நீங்கள் சொன்னது நியாயமில்லை. யாருக்குப் போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், கட்சி தாவியவர் செய்த துரோகத்துக்கு ஓட்டுப் போட்ட அம்மா பொறுப்பில்லை. உங்களுடைய 28 வருட ஓட்டுக்கும் அதே நியாயம்தான். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், கால் வலியோடு ஏன் போகிறீர்கள் என்று கேளுங்கள். வாதம் பண்ணாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். நீங்கள் நினைத்திருப்பது போல அது வெறும் பழக்கமாக இல்லாமலும் இருக்கலாம். முதியவர்களுக்கு வீட்டிலிருந்தே வாக்களிக்கும் ஏற்பாடு உங்கள் நாட்டில் உண்டா என்றும் பாருங்கள். இருந்தாலும், நேரில் போகத்தான் ஆசைப்படுகிறார் என்றால் கூட்டிக்கொண்டு போங்கள்.

மகளிடம் "ஓட்டுப் போட்டால் எல்லாம் மாறிவிடும்" என்று சொல்லாதீர்கள். பாடப்புத்தகத்தில் அதைப் படித்துவிட்டு வீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்தவள், நம்ப மாட்டாள். நீங்கள் எதில் ஏமாந்தீர்கள் என்பதை அப்படியே சொல்லுங்கள். கோபம் உங்களுடையது, அனுபவம் உங்களுடையது. ஆனால் அவளுடைய முதல் ஓட்டு அவளுடையது. உங்கள் ஏமாற்றத்தை அவள் இன்னும் படவில்லை, உங்களுக்காக அவள் விலக வேண்டியதுமில்லை. யாருக்குப் போடுவது, போடுவதா வேண்டாமா என்பதை வாக்குச்சாவடி வாசலில்கூட முடிவு செய்துகொள்ளலாம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் முடிவு செய்யவே இடமிருக்காது. தேர்தல் அறிவித்த பிறகு பெயர் சேர்க்கக் கெடு நெருக்கமாக இருக்கும், சில நேரம் முடிந்தே போயிருக்கும். அதனால் பிறந்தநாள் வரைக்கும் காத்திருக்காமல், முன்கூட்டியே விண்ணப்பிக்க உங்கள் நாட்டில் வழி உண்டா என்று இந்த வாரமே அவளோடு உட்கார்ந்து பாருங்கள். அப்படியே உங்கள் பெயரும் அம்மாவின் பெயரும் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.