பிளேடை மாற்றியும் பிளாக் நொறுங்குகிறதா? ஃபார்மலின் ஜாடியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். திசுக்களை நுண்ணோக்கிப் பரிசோதனைக்குத் தயாரிக்கும் சிறிய ஹிஸ்டாலஜி ஆய்வகம் ஒன்றின் பொறுப்பு என்னிடம் வந்து ஆறு மாதம் ஆகிறது. கருப்பை, மார்பகம் போன்ற பெரிய மாதிரிகளின் பிளாக்குகளை (மெழுகில் பதித்த திசுக் கட்டிகளை) வெட்டும்போது நடுப்பகுதி குழிவிழுந்து நொறுங்குகிறது. வெட்டி வரும் மெல்லிய ரிப்பனை வாட்டர்பாத்தில் (வெந்நீர்த் தொட்டியில்) விட்டால் நடுவில் பிய்ந்து கலைகிறது. எண்டோஸ்கோப்பியில் எடுத்த சிறு பயாப்ஸிகளோ காய்ந்த சருகு போல வெடிக்கின்றன. ஸ்லைடின் நடுவில் உட்கருக்கள் மங்கலாக இருப்பதாகப் பேத்தாலஜிஸ்ட் சொல்கிறார். புது பிளேடு போட்டோம், கோணத்தை மாற்றினோம், ஹீமாடாக்சிலின் சாயத்தில் கூடுதல் நேரம் வைத்தோம். பலனில்லை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை குரோசிங் செய்யும் (பரிசோதனைக்குத் துண்டு வெட்டி எடுக்கும்) மாதிரிகள் மட்டும் எப்படியோ நன்றாக வந்துவிடுகின்றன. பிளாக்கை வெட்டும் கருவியான மைக்ரோடோம் புதிதாகக் கேட்டு எழுதலாமா?

பதில்: எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். திசு எதுவும் வைக்காமல் வெறும் மெழுகில் ஒரு பிளாக் ஊற்றி, குளிரவைத்து, 4 மைக்ரானில் வெட்டுங்கள். ரிப்பன் கோடு விழாமல், ஒன்று தடித்து ஒன்று மெலியாமல் நீளமாக வந்தால் மைக்ரோடோம் மேல் பழியில்லை. வெறும் மெழுகிலும் கோடு விழுந்தால் பிளேடு. தடிப்பும் மெலிவும் மாறிமாறி வந்தால் பிளாக்கையோ பிளேடையோ பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் மெழுகு பிளாக் அழகாக வெட்டுப்படும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படி நினைக்கக் காரணம், நீங்கள் கடைசியில் எழுதிய அந்தத் திங்கட்கிழமை விஷயம். அதே மைக்ரோடோம், அதே கை, அதே ஸ்டெயின் (சாயம்). வித்தியாசம் ஒன்றுதான்: அந்த மாதிரிகள், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் முழுதாக இரண்டு நாள் இருந்திருக்கின்றன. மைக்ரோடோமில் கண்ணுக்குத் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை அங்கே உண்டாவதில்லை. முந்தைய நாளோ அதற்கு முந்தைய நாளோ ஒரு ஜாடிக்குள் உண்டானவை அவை.

ஃபார்மலின் திசுவுக்குள் நுழைவது வேறு, திசுவைப் பிணைப்பது வேறு. இதைத் தனித்தனியாகப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். நுழைவது ஓரளவு வேகமாகவே நடக்கும். முதல் மணி நேரத்தில் ஏறத்தாழ 1 மி.மீ. போகும். ஆனால் உள்ளே போகப் போக வேகம் குறையும். போகும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும். அதாவது, தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு வேண்டும். அப்படி உள்ளே போய்ச் சேர்ந்த ஃபார்மால்டிஹைடு புரதங்களைக் குறுக்காகப் பிணைப்பதற்கு இன்னும் பல மணி நேரம் ஆகும். சாதாரண மாதிரிக்கு 24 மணி நேரம் என்று சொல்வது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். அதுவும் எல்லாப் பக்கமும் திரவம் தொடும்படி நறுக்கி வைத்த மாதிரிக்கு.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மார்பக மாதிரி வந்தது. குறுகிய வாய் ஜாடி. திணித்து உள்ளே தள்ளியிருந்தார்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஃபார்மலின். இரவு முழுக்க அப்படியே இருந்திருக்கிறது. வெளியே எடுக்கும்போது ரப்பர் போல, சாம்பல் கலந்த பழுப்பில் கெட்டியாக இருந்தது. சரியாகப் பதப்பட்டிருக்கிறது என்றே நினைத்தேன். கத்தி இறங்கியதும் பலகையில் ரத்தம் கசிந்தது. ஓரத்தில் மெல்லிய பழுப்பு வளையம், அதற்குள் முழுதும் அறுவை அரங்கிலிருந்து அப்போதுதான் வந்தது போல ஈரமான இளஞ்சிவப்பு. உங்கள் அடுத்த பெரிய மாதிரியை வெட்டும்போது இந்த நிறத்தைப் பாருங்கள். நடுவில் சிவப்பு தெரிந்தால் அந்தத் துண்டை அன்று கேசட்டில் (துண்டை வைக்கும் சல்லடைப் பெட்டியில்) போடாதீர்கள். மெல்லிய துண்டாக்கி மறுபடி ஃபார்மலினில் விடுங்கள். அறிக்கை ஒரு நாள் தள்ளிப் போகும். நோயாளிக்குத் தெளிவான பதில் கிடைக்க அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்குவது நம் கடமை.

ஆல்கஹாலால் நீரை நீக்கி, சைலீன் வழியாகத் திசுவில் மெழுகை ஏற்றும் கருவிதான் பிராசஸர். அந்தச் சிவப்பு நடுப்பகுதி அப்படியே பிராசஸருக்குள் போனால் என்ன ஆகும்? ஃபார்மலின் செய்யாத வேலையை ஆல்கஹால் செய்யும், மிக முரட்டுத்தனமாக. தண்ணீரை உறிஞ்சிப் புரதங்களைத் திரட்டிச் சுருக்கிவிடும். உட்கருவின் உள்ளமைப்பு அழிந்து பூசினாற்போல் ஆகிவிடும். உங்கள் பேத்தாலஜிஸ்ட் சொல்லும் மங்கல் இதுதான். ஓரத்தில் உட்கரு பளிச்சென்றும் நடுவில் கலங்கியும் ஒரே ஸ்லைடில் தெரிந்தால் அது ஸ்டெயின் குறையே அல்ல. ஸ்டெயினுக்கு ஓரம், நடு என்ற பேதம் கிடையாது. ஹீமாடாக்சிலின் நேரத்தைக் கூட்டினால் பின்னணியும் சேர்ந்து நீலமாகும், அவ்வளவுதான். பழைய நேரத்துக்கே திரும்பிவிடுங்கள்.

சரி, ஜாடியில் என்ன மாற்ற வேண்டும்? திசுவின் கன அளவைப்போல் 10 முதல் 20 மடங்கு ஃபார்மலின், அகன்ற வாய் ஜாடி. ஜாடியின் அடியில் ஒட்டிக்கிடக்கும் பக்கத்துக்குத் திரவம் போகாது; ஒரு துண்டு பஞ்சோ காஜ் துணியோ அடியில் போட்டால் போதும். கருப்பை போன்ற உள்ளீடற்ற உறுப்புகளைத் திறந்துவிட வேண்டும். மார்பகத்தை 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் நறுக்கி இடையில் காஜ் வைக்க வேண்டும். ஆனால் (கட்டி ஓரம் வரை வந்திருக்கிறதா என்று பார்க்க) ஓரங்களுக்கு மை இட வேண்டிய மாதிரியில் பேத்தாலஜிஸ்ட் சொல்லாமல் டெக்னீஷியன் கத்தி வைக்கக் கூடாது. எந்த மாதிரியை யார், எப்போது திறப்பது என்று அவரோடு உட்கார்ந்து ஒரு முறை பேசி, எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

மார்பகத்தில் இன்னொரு கட்டாயமும் உண்டு. மார்பகப் புற்றுநோயில் செய்யும் ஹார்மோன் ரிசெப்டார், ஹெர்-2 பரிசோதனைகளுக்குத் திசு ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள வழிகாட்டுதல். உடலிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டுவிடவும் வேண்டும். ஆகவே எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் கோரிக்கைப் படிவத்திலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நோயாளிக்கு எந்த மருந்து என்பதே இந்தப் பரிசோதனையை வைத்துத்தான் முடிவாகும்.

ஃபார்மலினையும் ஒரு பார்வை பாருங்கள். '10 சதவீத ஃபார்மலின்' என்பதில் பலருக்கும் குழப்பம். கேனில் வருவதே 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்ப்பதால் அந்தப் பெயர்; உண்மையில் அதில் இருப்பது சுமார் 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. ஆய்வகம் கலந்து அனுப்பியதை அறுவை அரங்கில் இன்னொரு முறை சலைன் விட்டு நிரப்பினால் நீர்த்துப்போகும். இதை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். தொலைபேசியில் கேட்டால் தெரியவராது. ஒரு லிட்டருக்கு 100 மி.லி. ஃபார்மலின், 900 மி.லி. தண்ணீர், 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட், 6.5 கிராம் நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். இந்த அளவில் கலந்தால் பி.எச். நடுநிலையை ஒட்டி நிற்கும். பஃபர் போடாத பழைய ஃபார்மலின் அமிலமாகிவிடும். ரத்தம் நிறைந்த திசுக்களில் கரும்பழுப்புத் துகள்கள் படியும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது. பெரிய ஜாடிகளைப் புகைபோக்கிக் கூண்டுக்குள் மட்டுமே திறக்க வேண்டும்.

இனி கேசட். துண்டு 3 மி.மீ. தடிமனுக்குள் இருக்க வேண்டும். ஸ்கேல் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிராசஸ் முடிந்து கேசட்டைத் திறக்கும்போது திசுவின் மேல் மூடியின் சல்லடைத் தடம் பதிந்திருக்கிறதா பாருங்கள். பதிந்திருந்தால் துண்டு தடிமன். மூடி அதை அழுத்தியிருக்கிறது, ஆல்கஹாலும் சைலீனும் புழங்க இடம் இருந்திருக்காது. குழிவிழும் பிளாக்குகளில் பாதிக்கு மேல் இந்தத் தடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

குழிவிழுந்த பிளாக்கின் நடுவைக் கட்டைவிரல் நகத்தால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அமுங்கிக்கொடுத்து, சைலீன் வாசமும் வந்தால் மெழுகு உள்ளே போகவில்லை. பதப்படாத, தடித்த துண்டு ஒரு காரணம். களைத்துப்போன கரைசல்கள் இன்னொன்று. ஆல்கஹாலில் தண்ணீர் ஏறிவிட்டால் சைலீன் நுழையாது, சைலீன் நுழையாத இடத்தில் மெழுகும் நுழையாது. சைலீன் பால் போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தம். கடைசி ஆல்கஹாலில் சிறிது எடுத்து, வெள்ளையாக இருக்கும் நீரற்ற காப்பர் சல்பேட் தூளைப் போடுங்கள். நீலமானால் அது இனி முழு ஆல்கஹால் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை மாற்றுவது என்ற வழக்கத்தைவிட, எத்தனை கேசட் போயிருக்கிறது என்று எண்ணி மாற்றுவது நல்லது. மெழுகு தொட்டி, மெழுகின் உருகுநிலையைவிட 2 முதல் 4 டிகிரி மேலே இருந்தால் போதும்.

சிறு பயாப்ஸிகள் வெடிப்பது இதற்கு நேர் எதிரான கதை. 2 மி.மீ. துண்டை, கருப்பைத் துண்டோடு சேர்த்து இரவு முழுவதும் ஆல்கஹாலிலும் சைலீனிலும் சூடான மெழுகிலும் வைத்தால் அதிலிருக்கும் ஈரமெல்லாம் போய் உடையும். ஒரே நேரக்கணக்கு இரண்டு வகைக்கும் பொருந்தாது. பிராசஸர் ஒன்றே ஒன்றுதான் என்றால் பயாப்ஸிகளைப் பகலில் சில மணி நேர ஓட்டத்தில் முடித்துவிட்டு, இரவைப் பெரிய திசுக்களுக்கு விடுங்கள். ஏற்கெனவே காய்ந்துபோன பயாப்ஸி பிளாக்கை, மேற்பரப்பைச் சீவி முகம் எடுத்தபின் சில நிமிடம் பனிக்கட்டி நீரில் கவிழ்த்து வையுங்கள். மேற்பரப்பு ஈரம் குடித்ததும் முதல் சில செக்‌ஷன்கள் விரிசல் இல்லாமல் வரும். அதற்குள் வேண்டியதை எடுத்துவிட வேண்டும்.

வாட்டர்பாத் மெழுகின் உருகுநிலையைவிட 10 டிகிரி அளவுக்குக் கீழே இருக்கட்டும். ஒவ்வொரு பிளாக்குக்குப் பிறகும் நீரின் மேற்பரப்பைக் காகிதத்தால் வழித்துவிடுங்கள். உங்கள் பிளாக்குகள் நடுவில் கலைகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்தத் துணுக்கு அடுத்தவருடைய ஸ்லைடில் ஏறிவிட்டால், இல்லாத புற்றுநோய் அவருக்கு இருப்பதாகத் தெரியக்கூடும். ஸ்லைடில் எண்ணையும் அந்தந்த பிளாக்கை வெட்டும்போதே, பிளாக்கின் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். முன்கூட்டி எழுதி அடுக்கிவைக்க வேண்டாம்.

இப்போது கையில் இருக்கும் மோசமான பிளாக்குகளை என்ன செய்வது? முதலில் ஜாடியில் மீதித் திசு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேத்தாலஜிஸ்டிடம் சொல்லி, அதை நன்கு பதப்படுத்தி, புதிய துண்டு எடுப்பதுதான் சிறந்த வழி. இதற்காகவே மீதித் திசுவை அறிக்கை கையெழுத்தான பிறகும் குறைந்தது இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். மீதி இல்லாவிட்டால், மெழுகு ஏறாத பிளாக்கை உருக்கி, ஒற்றி எடுத்து, புது சைலீனில் மெழுகைக் கரைத்து, புது முழு ஆல்கஹாலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி சைலீன், மெழுகு என்று வாருங்கள். பிளாக் வெட்டுப்படும் அளவுக்குத் தேறிவிடும். கலங்கிப்போன உட்கரு மட்டும் திரும்பாது. அதைப் பேத்தாலஜிஸ்டிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்று அவர் முடிவு செய்யட்டும்.

நாளையிலிருந்து இரண்டு காரியம். ஒன்று, நன்கு பதப்பட்ட குடல்வால் அல்லது டான்சில் துண்டு ஒன்றை ஒவ்வொரு ஓட்டத்திலும் பெரிய திசுக்களோடு ஒரு கேசட்டில் போடுங்கள். அது நன்றாக வந்து மற்றவை கெட்டால் குறை ஜாடியில், அல்லது துண்டின் தடிமனில். அதுவும் கெட்டால் பிராசஸரில். இரண்டு, குறிப்பேட்டில் பிளாக் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஃபார்மலினில் இருந்த மணி நேரம்' என்று ஒரு பத்தி போட்டு, வெட்டும்போது எப்படி வந்தது என்று அதன் எதிரே எழுதுங்கள். முப்பது, நாற்பது பிளாக் சேர்ந்ததும் அந்தப் பக்கத்தைப் பேத்தாலஜிஸ்டிடமும் அறுவை அரங்கப் பொறுப்பாளரிடமும் எடுத்துப் போங்கள். மைக்ரோடோமுக்கு எழுத நினைத்த கடிதத்தை, அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து, அகன்ற வாய் ஜாடிகளும் போதுமான ஃபார்மலினும் கேட்டு எழுதுங்கள்.