கேள்வி பதில்: பிரச்சினையைச் சரியாகச் சொல்வது எப்படி?

பொறியியல் மாணவர்களும் வேலையில் இருப்பவர்களும் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள். எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: தீர்வைத் தேடுவதற்கு முன் பிரச்சினையை வரையறுப்பது.

கேள்வி (இறுதியாண்டு மாணவி): சார், "பம்பின் அதிர்வைக் குறைக்க ரப்பர் மவுண்ட் வடிவமைத்தல்" என்று ப்ராஜெக்ட் தலைப்பு கொடுத்தோம். பிராப்ளம் ஸ்டேட்மென்ட் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன தப்பு?

பதில்: தலைப்பிலேயே விடையை முடிவு செய்துவிட்டீர்கள். அதிர்வுதான் பிரச்சினை, பம்புக்கு அடியில் வைக்கும் ரப்பர் மவுண்ட் அதற்கான தீர்வுகளில் ஒன்று. அந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? பம்ப் 1440 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்றால் விநாடிக்கு 24 சுற்று. அதிர்வை அளக்கும்போது 24 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 24 முறை) உச்சம் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இம்பெல்லரின் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரத்தின்) சமநிலையை. 48-இல் தெரிந்தால் மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். உச்சம் என்று ஒன்றில்லாமல் பரவலான இரைச்சலாக இருந்தால், உறிஞ்சும் பக்கத்தில் கேவிட்டேஷன் (அழுத்தம் குறைந்து நீரில் ஆவிக் குமிழிகள் உருவாகி உடைவது) இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் எதையும் ரப்பர் சரிசெய்யாது. தரைக்குப் போகும் அதிர்வு குறையும், அவ்வளவுதான். ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் வாங்குகிற அடி அப்படியே இருக்கும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "முழு வேகத்தில் பேரிங் ஹவுசிங்கில் அளந்த அதிர்வு இவ்வளவு மி.மீ./விநாடி, அது இவ்வளவுக்குள் வர வேண்டும், அதற்காக அடித்தளத்தை உடைக்கக் கூடாது." அதற்கப்புறமும் ரப்பர்தான் சரி என்று வந்தால் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளரே "பெரிய மோட்டார் போட்டுக் கொடுங்கள்" என்று வந்தால் என்ன செய்வது? மறுத்துப் பேச முடியாதே.

பதில்: மறுக்க வேண்டாம். இப்போதைய மோட்டார் எப்போது தடுமாறுகிறது என்று கேளுங்கள். "காலையில் கன்வேயரைச் சரக்கோடு கிளப்பும்போது மட்டும்" என்று பதில் வந்தால் ஓட்டத்துக்கான திறன் போதும், தொடக்கத் திருப்புவிசைதான் (நிற்பதைச் சுழற்றிக் கிளப்பும் விசை) போதவில்லை. அதற்கு வழிகள் வேறு.

கேள்வி (மெக்கானிக்கல் டிசைனர்): வரையறையில் எண் இருந்தே ஆக வேண்டுமா? அது கைகளைக் கட்டிப்போடாதா?

பதில்: நல்ல எண் கைகளை அவிழ்த்துவிடும். கடலில் கப்பல் நிற்கும் தீர்க்கரேகையை (கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்பதை) கண்டுபிடிக்கப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714-இல் பரிசு அறிவித்தது. அரை டிகிரிக்குள் சொல்லிவிட்டால் 20,000 பவுண்டு. மேற்கிந்தியத் தீவுகள் வரை பயணம் போய் நிரூபிக்க வேண்டும். எந்த வழியில் என்று சட்டம் சொல்லவே இல்லை. அதனால்தான் வானியலாளர்கள் நிலவை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், கடிகாரம் செய்பவரான ஜான் ஹாரிசன் கடிகாரத்தோடு களத்தில் நிற்க முடிந்தது. புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கடிகாரம் சரியாகக் காட்டினால், கப்பல் இருக்கும் இடத்தின் நேரத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைச் சொல்லிவிடலாம்.

அந்த ஒற்றை எண் என்ன செய்கிறது பாருங்கள். பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம். அப்படியானால் அரை டிகிரிக்கு 2 நிமிடம், அதாவது 120 விநாடி. பயணம் ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டால், கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ 3 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. ஆடும் கப்பலில், மாறும் வெப்பத்தில். இனி இது ஒரு கைவினைஞர் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்யக்கூடிய பிரச்சினை. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இதுதான்.

கேள்வி: விதிமுறைகள் எல்லாவற்றையும் பின்பற்றினால் போதாதா?

பதில்: போதாது. லண்டன் மில்லெனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது, இரண்டே நாளில் மூடப்பட்டது. விதிமுறைகளின்படி, நடப்பவர்கள் கீழ்நோக்கித் தரும் விசையைக் கணக்கில் எடுத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு காலடியும் பக்கவாட்டிலும் கொஞ்சம் தள்ளுகிறது. பாலம் லேசாக ஆடியதும் மக்கள் தம்மையறியாமல் அந்த ஆட்டத்துக்கேற்ப நடையை மாற்றினார்கள், ஆட்டம் வளர்ந்தது. கூட்டம் வெறும் சுமை அல்ல, பாலத்தின் ஆட்டத்துக்கு எதிர்வினை காட்டுகிற ஒன்று என்பது வரையறைக்கு வெளியே நின்றுவிட்டது. டாம்பர்கள் (ஆட்டத்தை அடக்கும் கருவிகள்) பொருத்தி 2002-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

கேள்வி: ஏற்கெனவே நன்றாக ஓடிய வடிவமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டால்?

பதில்: அது எந்தப் பிரச்சினைக்காகச் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் அழிந்தது. ஏரியான் 4-இன் மென்பொருள் அதில் இருந்தது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு, அதற்கு மென்பொருள் ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே இந்த ராக்கெட்டுக்குத் தேவையில்லை என்பதுதான் வேதனை.

கேள்வி (டீம் லீட்): வரையறை போதுமான அளவு தெளிவாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு மோசமான மாதிரி வடிவமைப்பை வேண்டுமென்றே வரைந்து, குழுவில் இருவரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். எழுதி வைத்த வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு ஏற்கலாமா, தள்ளலாமா என்று சொல்லட்டும். இருவரும் ஒரே காரணத்தைச் சொல்லித் தள்ளினால் வேலையை ஆரம்பிக்கலாம். ஒருவர் ஏற்று இன்னொருவர் தள்ளினால், அவர்கள் வாதாடுகிற அந்த வரியைத்தான் திருத்தி எழுத வேண்டும். முதல் புரோட்டோடைப் வந்ததும் இதையே இன்னொரு முறை செய்யுங்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தப்பிய கட்டுப்பாடுகள் அப்போதுதான் வெளியே வரும்.